பத்துமலைக்கு மதிப்பெண் போடப் போனோம்

சனி, 13 செப்டம்பர் 2025: பட்டர்வொர்த்திலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ்

பள்ளி விடுமுறை தொடங்கும் நாளிலேயே நெடுஞ்சாலையில் இறங்குவது மடத்தனம் என்று இருபத்தாறு வருடமாகத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் காலை ஏழு மணிக்கு மைவி காரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். காரணம் அண்ணன் மகள். வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். நிலவியலில் முதுகலை படிக்கிறாள். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள மலைகளில் பாதுகாக்க வேண்டிய பாறைகளை நேரில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு வரவேண்டுமாம். அவளிடம் காரும் இல்லை, லைசென்சும் இல்லை. “அத்தை, நீங்க சும்மா ஓட்டுனா போதும். மலையெல்லாம் ஏற வேணாம்” என்றாள். அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது போகப் போகத் தெரிந்தது.

ஈப்போ தாண்டி சிம்பாங் பூலாய் பக்கம் வண்டி நகரவேயில்லை. நல்லதாகப் போயிற்று. இத்தனை வருடம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோன மலைகளை அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் துருவி முடித்த தேங்காய் மூடி மாதிரி வெள்ளை. பளிங்குக்கும் சிமென்டுக்கும் வெட்டியது. குட்டி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தாள்.

என் மாமியார் ஈப்போக்காரர். அவருக்குச் சுண்ணாம்பு மலை என்றாலே கல்லுமலைதான் ஞாபகம் வரும். முருகன் கோயில் இருக்கிறதே, அந்த குனோங் செரோ. 1973 அக்டோபரில் அந்த மலையிலிருந்து ஒரு பெரும் பாறை பிளந்து கீழே இருந்த வரிசை வீடுகள் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் போய்விட்டார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். “மலையை நாம காப்பாத்துறது இருக்கட்டும், அது நம்மள விட்டா போதும்” என்பார் மாமியார். இதைக் குட்டியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர மாலை நான்கரை. மத்தியானச் சோறு முடியும் நேரம். ஒரு கடையில் கெஞ்சி வாழையிலை போட வைத்தோம். இரண்டு சாப்பாடு, ஒரு நண்டு வறுவல், மோர்: 41 வெள்ளி (ரிங்கிட்). ரசம் ஊற்றிய தம்பி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். “அக்கா, நீங்க பேசுற தமிழ் டிவியில வர்ற மாதிரி இருக்கு” என்றார். வாத்தியார் வேலை செய்த பாவம்.

விடுதியைப் பற்றி ஒரு வரி போதும். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, வெந்நீர் இருக்கிறது என்று போட்டிருந்தார்கள், இல்லை.

ஞாயிறு, 14 செப்டம்பர்: பத்துமலை

தைப்பூசத்துக்குக் கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கிறேன். பால்குடம் எடுத்திருக்கிறேன். ஆனால் பத்துமலையை மலையாகப் பார்த்தது இதுவே முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எட்டு மணிக்கே கார் நிறுத்த இடமில்லை. புறாக்கள், சுற்றுலாப் பேருந்துகள், முட்டி தெரியும் ஆடைக்காரர்களுக்கு வாடகைக்குச் சுற்றிவிடும் துணிகள். 42.7 மீட்டர் முருகன் வெயிலில் தகதகவென்று நிற்கிறார். 2006 ஜனவரியில் திறந்தது. குட்டி அவரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் இருந்த பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அத்தை, இது நாப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கு அடியில இருந்தது” என்றாள். காலையில் ஒரு தோசைதான் சாப்பிட்டிருந்தேன். அந்த எண்ணிக்கை அப்போது உள்ளே இறங்கவில்லை.

அவளுடைய படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜோசே பிரிலா என்ற போர்ச்சுகல் நிலவியலாளர் 2016-ல் வெளியிட்ட முறை அது. ஒரு பாறைக்கோ மலைக்கோ அறிவியல் மதிப்பு எவ்வளவு என்று ஏழு கேள்வி. பூமியின் கதையில் அந்த இடம் ஓர் அத்தியாயத்தைத் தெளிவாகக் காட்டுகிறதா என்பதற்கு மட்டும் 30 விழுக்காடு எடை. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது, எவ்வளவு அரிது என்பதற்குத் தலா 15. இப்படிப் போகிறது. மதிப்பெண் 1, 2 அல்லது 4. மூன்று கிடையாது. நடுவில் போய் ஒளிந்துகொள்ள விடமாட்டார்கள். எனக்குப் பிடித்துப்போனது. கட்டுரைத் தாள் திருத்தும்போது நானும் இப்படிச் செய்திருக்கலாம். அறிவியல் மதிப்பு முடிந்ததும் தனித்தாளில் கல்வி, சுற்றுலா, அப்புறம் சிதையும் ஆபத்து.

மலையடிவாரத்துச் சாக்கடை ஓரத்தில் உடைந்து கிடந்த ஒரு சாம்பல் கல்லை எடுத்து, பையிலிருந்து சின்னச் சொட்டுக்குப்பியை வெளியே எடுத்தாள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரே சொட்டு. ஈனோ போட்ட தண்ணீர் மாதிரி கல் சுர்ரென்று நுரைத்தது. நுரை அடங்கியதும் விரலால் துடைத்தால் அந்த இடம் மட்டும் கழுவிவிட்டது போல வெளுத்திருந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு இதுதான் சோதனை. மலைமேல் ஊற்றக்கூடாது, கீழே விழுந்த துண்டில்தான் செய்யவேண்டும் என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்.

அதற்குள் காவலாளி வந்துவிட்டார். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். “என்னம்மா ஊத்துறீங்க கோயில் இடத்துல?” குரலில் நியாயமான சந்தேகம். குட்டி எழுந்து நின்று, ஐயா ஐயா என்று பணிவாக விளக்கினாள். அவர் கேட்டு முடித்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, பூந்தொட்டிப் பக்கம் கிடந்த ஒரு கல்லை எடுத்து நீட்டினார். “இதுல ஊத்துங்க பாப்போம்.” நுரைக்கவில்லை. கருங்கல் ஜல்லி, எங்கிருந்தோ லாரியில் வந்தது. இன்னொன்று கொண்டுவந்தார். நுரைத்தது. “ஆ, இவன் நம்மாளு!” என்றார். அடுத்த கால்மணி நேரம் அந்தக் கோயிலில் காவல் இல்லை.

272 படி. மலை ஏற வேண்டாம் என்று சொன்னவள் பாதியில் திரும்பி, “இது மலை இல்லை அத்தை, படிதானே” என்றாள். 1920-ல் மரப்படி, 1940-ல் சிமென்டு, 2018-ல் இப்போதைய வண்ணங்கள். போகிற வழியிலேயே இருட்டுக்குகையின் கதவு. 2019 முதல் மூடியே கிடக்கிறது. உள்ளே சுமார் 2 கிலோமீட்டருக்குப் பாதைகள் போகின்றன. மண்ணில் வளை தோண்டி, அதற்குக் கதவு செய்து வைத்து, இரை வந்தால் திறந்து பாயும் ஒரு சிலந்தி அங்கே இருக்கிறது. வயிற்றில் வளையம் வளையமாக அடுக்குத் தெரியும் பழங்கால வம்சம். அதன் விலங்கியல் பெயரிலேயே பத்து என்று இந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு செய்தி எனக்குப் புல்லரித்தது. இந்தக் குன்றின் குகைகளில் ஒராங்ஊத்தான் பற்கள் கிடைத்திருக்கின்றன. சுமார் 60 ஆயிரம் ஆண்டுப் பழமை. இன்று தீபகற்பத்துக் காடுகளில் அந்தக் குரங்கு இல்லை, சபா சரவாக் போகவேண்டும். இங்கே பல்லை மட்டும் விட்டுப் போயிருக்கிறது.

மேலே பெரிய குகையில் தலையை அண்ணாந்து நின்றோம். கூரை 100 மீட்டர் உயரத்தில். ஒரு சொட்டு என் கண்ணாடியில் விழுந்தது. குட்டி, “துடைக்காதீங்க, அதுல கல்லு இருக்கு” என்றாள். மழைநீர் பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்கி, குகைக் காற்றில் அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுமாம். தொங்கும் விழுது அப்படித்தான் வளர்கிறது. சுற்றிலும் சிமென்டுத் தரை, மின்விளக்கு, கடை. ‘சிதையாமல் இருப்பது’ கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். 2 போட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நம் கோயிலுக்கு 2-ஆ?

கீழே இறங்கி, பூக்கடை நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தச் சண்டையை முடித்தோம். பூக்காரப் பாட்டி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். “நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப மலைக்குப் பின்னாடி வெடி வெப்பான். தட்டு, சொம்பு எல்லாம் ஆடும். நாங்க காதப் பொத்திக்கிட்டு முருகான்னுவோம்” என்றார். கல் உடைப்பது 1980களின் தொடக்கத்தில்தான் நின்றது. மத்தியானம் காரில் மலையை ஒரு சுற்று வந்தோம். கோயில் முகத்தில் செடி கொடி விழுதெல்லாம் இருக்கிறது. பின்பக்கம் போனால் வெட்டுப்பட்ட வெள்ளைச் சுவர்கள், தொழிற்கூடங்கள், ஓரிடத்தில் கயிறு கட்டிப் பாறை ஏறும் இளைஞர்கள்.

என் வாதம் இதுதான். தம்புசாமிப் பிள்ளை 1890-ல் இங்கே வேலை நட்டு வைத்தார். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. அந்தப் பக்கம் கும்பிட ஆள் இருந்ததால் அந்தப் பக்கம் மிஞ்சியது. 2012-ல் பக்கத்தில் 29 மாடிக் கட்டடம் வரப்போகிறது என்றதும் எழுந்த கூச்சல் பினாங்குவரை கேட்டதே, அது நிலவியலாளர்கள் போட்ட கூச்சலா? பக்தர்களும் போட்டதுதானே. உன் படிவத்தில் ‘சட்டப் பாதுகாப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, கும்பிடுகிறவர்களுக்குக் கட்டம் எங்கே?

குட்டி இளநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். (ஓர் இளநீர் 8 வெள்ளி. முருகா!) “கும்பிட்டவங்கதான் அத்தை உள்ளார சிமென்டும் போட்டாங்க. பத்து வருஷத்துல இன்னும் போடுவாங்க. மலைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” பதில் சொல்ல நினைத்தேன், சரியாக ஒன்றும் வரவில்லை. பாட்டி எனக்கு ஒரு முழம் மல்லிகையை இனாமாகக் கொடுத்தார். யார் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

திங்கள், 15 செப்டம்பர்: ஓணான் முதுகு

மலேசிய தினத்தோடு சேர்த்து இன்றும் பொது விடுமுறை. நகரமே தூங்குகிறது. தாமான் மெலாவதியில் ஒரு மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வைத்துப் பசியாறினோம். இரண்டு பேருக்கும் 9 வெள்ளிக்குள். நிமிர்ந்தால் எதிரே புக்கிட் தாபோர்.

பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஓணான் முதுகில் முள் வரிசை இருக்குமே, அதைக் காட்டுக்குள் படுக்க வைத்த மாதிரி. சீனர்கள் டிராகன் என்கிறார்கள். எனக்கு ஓணான்தான். 14 கிலோமீட்டருக்கு மேல் நீளம், முழுக்க வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). உலகத்திலேயே மிக நீளமான வெங்கச்சங்கல் முகடு என்று இதைச் சொல்கிறார்கள். திதிவாங்சா மலைத்தொடரின் கருங்கல் சுமார் 20 கோடி ஆண்டுப் பழமை. அது ஆறி இறுகிய பிறகு பூமியில் ஒரு பெரிய விரிசல். அதன் வழியே சிலிக்கா கரைந்த சூடான நீர் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து விரிசலை அடைத்தது. பின்னால் மழை பெய்து பெய்து சுற்றியிருந்த கருங்கல் மக்கி மண்ணாகிப் போயிற்று. வெங்கச்சங்கல் மக்காது. அடைப்பு மட்டும் நிற்கிறது. வீடு இடிந்தும் கதவு நிற்பது போல என்று நான் சொன்னேன். குட்டிக்கு அது பிடித்துப்போய் எழுதிக்கொண்டாள்.

கிள்ளான் ஆறு இந்த முகட்டை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஆறு. அதனால்தான் கிள்ளான் கேட்ஸ் என்று பெயர். 1958-ல் அந்த வாசலில் அணை கட்டினார்கள். தலைநகரம் குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

மேலே ஏறத் தடை. ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். பக்கத்து மேசையில் இருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் மலாயில் ஆரம்பித்து, நாங்கள் தமிழ் என்றதும் “சாப்பிட்டாச்சா?” என்று இரண்டு வார்த்தை தமிழும் போட்டார். முன்பெல்லாம் சனி ஞாயிறு அதிகாலையில் இந்தத் தெருவில் கார் வரிசை நிற்குமாம். ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, கடையில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். “இப்போ யாரும் மேலே பார்ப்பதுகூட இல்லை. எல்லாரும் போனைத்தான் பார்க்கிறார்கள்.” அவர் பேரன் எதிரே போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘அரிது’ கட்டத்தில் குட்டி யோசிக்காமல் 4 போட்டாள். ஆபத்துத் தாளில்தான் நேரம் ஆயிற்று. அதில் அதிக எடை, 35 விழுக்காடு, பாறையே சிதைந்து போகுமா என்பதற்கு. பக்கத்தில் கெடுதல் செய்யக்கூடியது என்ன இருக்கிறது, சட்டப் பாதுகாப்பு உண்டா என்பதற்குத் தலா 20. அணுகுவது சுலபமா என்றால் சுற்றுலாத் தாளில் அது லாபம், ஆபத்துத் தாளில் அதுவே நஷ்டம். முகட்டின் காலடிவரை வீடுகள். மொட்டை மாடியில் துணி காய்கிறது, அதற்குப் பின்னால் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுப் பாறை. மேலே வேறெங்கும் இல்லாத செடிகள் சில இருக்கின்றன. செராவ் என்கிற காட்டாடும் உண்டாம். ஒரு குரங்கைத் தவிர எங்களுக்கு எதுவும் தரிசனம் தரவில்லை.

தெருவோரக் கால்வாயில் வெள்ளைக் கற்கள் கிடந்தன. கற்கண்டு கட்டி மாதிரி, பால் வெள்ளை, உடைந்த ஓரம் கண்ணாடி போல மினுக்கியது. சிறுவயதில் தோட்டத்து ரயில் தண்டவாளத்தில் இதைப் பொறுக்கி, இருட்டில் ஒன்றோடொன்று உரசி விளையாடுவோம். அமிலம் ஊற்றினால் சும்மா இருக்கும் என்றாள் குட்டி, ஊற்றியும் காட்டினாள். “எதையும் எடுக்காதீங்க அத்தை. ஆளுக்கு ஒண்ணு எடுத்தா என்னாகும்?” சரிம்மா என்றேன்.

மூன்று மணிக்கு இடி. மூன்றேகாலுக்கு ஓணான் காணாமல் போய்விட்டது.

செவ்வாய், 16 செப்டம்பர்: ஒரு சாலை, இரண்டு கல்

இன்று கொஞ்சம் சொதப்பல்.

ரவாங் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் ஒரு பக்கம் புக்கிட் தாக்குன். செங்குத்தான சுண்ணாம்புக் குன்று, காட்டுக்குள் தனியாக எழுந்து நிற்கிறது. மறுபக்கம் கன்சிங் அருவி. ஏழு அடுக்காக விழுவது கருங்கல் மேல். சுண்ணாம்பு கடலில் படிந்தது, கருங்கல் பின்னால் அடியிலிருந்து உருகி ஏறியது. நடுவில் லாரிகள் போகும் சாலை. காரை ஓரம் கட்டிவிட்டு இருபது கோடி வருடத்தை ஒரு நிமிடத்தில் கடந்தோம். அந்த ஒரு நிமிடத்தில் நான்கு லாரி ஹாரன்.

தாக்குனை அருகில் போய்ப் பார்க்கவேண்டுமானால் ஒரு தனியார் வளாகத்தைக் கடக்கவேண்டியிருந்தது. காவலுக்கு நின்ற நேப்பாளத் தம்பி மிகவும் மரியாதையாக, அனுமதிக் கடிதம் இல்லாமல் முடியாது என்றார். குட்டியிடம் கடிதம் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில், மூன்றாம் மாடியில், என் கைப்பைக்கு அடியில். நான்தான் அடுக்கி வைத்தேன். இதை எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதாவிட்டால் அவள் கருத்துப் பகுதியில் எழுதிவிடுவாள்.

வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. பத்துமலைப் படிவம் முழுக்க நனைந்தது. நீல மை கரைந்து, 2 எது 4 எது என்று தெரியவில்லை. “பாரு, முருகன் மாத்திட்டார்” என்றேன். முறைத்தாள்.

மழை விட்டதும் கன்சிங். விடுமுறை நாள், தலைக்குத் தலை மிதி. நுழைவுக்குச் சில வெள்ளி. கீழ் அடுக்கில் குடும்பம் குடும்பமாகக் கரி அடுப்பில் கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். வாசனையைக் கடந்து மூன்றாம் அடுக்குவரை ஏறியதே எனக்குச் சாதனை. பாறை வழவழ. வழுக்கி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மலாய்க் குடும்பத்து அம்மா ஓடிவந்து தூக்கிவிட்டு, காய்ச்சிய தேநீரும் இரண்டு வாழைப்பழப் பொரியலும் கொடுத்தார். பேரைக் கேட்கவில்லை. என் கணுக்காலில் அட்டை ஒட்டியிருந்ததையும் அவர்தான் பார்த்தார். உப்புப் பொட்டலம் தயாராக வைத்திருந்தார். தெரிந்தவர்கள் கிளம்புவதே வேறு மாதிரி.

முதுகு வலிக்கு மருந்து என்று சொல்லி மாலையில் செலாயாங் வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப்போனாள். அதுவும் பட்டியலில் இருக்கிறதாம், கள்ளி. நம் நாட்டில் தீபகற்பத்தில் எரிமலை இல்லை. மழைநீர் கருங்கல் விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறொரு விரிசல் வழியே மேலே வருகிறது, அவ்வளவுதான். கால் வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர், தினமும் வருகிறவர், எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியை நகர்த்தி, ஒரு வாளியில் ஊற்றுநீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து கொடுத்தார். முட்டியில் துண்டை நனைத்துப் போடு, கால்மணி நேரம் எழுந்திருக்காதே என்று சைகையில் உத்தரவு. எழுந்திருக்கவில்லை. இந்தப் பயணத்தில் என் படிவத்தில் 4 வாங்கிய ஒரே இடம் இதுதான்.

புதன், 17 செப்டம்பர்: காலுக்கு அடியில்

குட்டி பேராசிரியரைப் பார்க்கப் போய்விட்டாள். நான் சேலை வாங்க மஸ்ஜித் இந்தியா.

2024 ஆகஸ்ட் 23 காலை இந்தத் தெரு நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி உள்ளே விழுந்தார். ஒன்பது நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. இப்போது அங்கே நடந்தால் தெரு எப்போதும் போலத்தான். பூ, தங்கம், பலகாரம், கூவி அழைக்கும் பையன்கள். துணிக்கடை அண்ணன் மட்டும் நான் கேட்டதும் குரலைத் தணித்துக்கொண்டார். “அன்னியிலேர்ந்து நான் ரோட்டோரம் நடக்குறதில்லக்கா. கடைச் சுவரை ஒட்டித்தான் நடப்பேன். அதுவும் அதே மண்ணுதான், இருந்தாலும்.”

இரவில் குட்டியிடம் கேட்டேன். கோலாலம்பூரின் பெரும்பகுதி அடியில் பத்துமலைக் கல்தான் இருக்கிறது, குகையும் ஓட்டையுமாக, மேலே மண் மூடியிருப்பதால் தெரிவதில்லை. மண் மெல்ல அந்த ஓட்டைகளுக்குள் இறங்கும். குழாய் கசிவு, கட்டுமானம் எல்லாம் சேர்ந்து அதை வேகப்படுத்தலாம். ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். இரட்டைக் கோபுரத்துக்கே முதலில் குறித்த இடத்தில் பாதி சுண்ணாம்புப் பாறை, பாதி மென்மையான தரை என்று தெரிந்து, சுமார் 60 மீட்டர் நகர்த்தித்தான் கட்டினார்கள். நாம் அண்ணாந்து படம் பிடிக்கும் இடம் எல்லாம் கீழே இருக்கிற கல் விட்டுக்கொடுத்த இடம்.

பேராசிரியர் படிவத்தைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். பத்துமலைத் தாளின் ஓரத்தில் அவள் எழுதியிருந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று கேட்டாராம். காட்டு என்றேன். ‘வழிபாடு: காப்பும் அதுவே, சிதைவும் அதுவே. கட்டம் இல்லை.’

“அவர் என்ன சொன்னார்?”

“தனியா ஒரு பக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னார். பூக்காரப் பாட்டிகிட்ட மறுபடி பேசணும் அத்தை. அடுத்த மாசம் ஃப்ரீயா?”

கோம்பாக் உலு லங்காட் பகுதி இப்போது தேசிய ஜியோபார்க், அதாவது நிலவியல் பூங்கா. லங்காவிக்கு யுனெஸ்கோ 2007-லேயே அந்தஸ்து கொடுத்துவிட்டது, கினபாலுவுக்கு 2023-ல். இங்கேயும் அதற்கான கனவு இருக்கிறது. அதற்குப் பாறை மட்டும் போதாதாம். அதைச் சுற்றி வாழ்கிறவர்களும் உடன் நிற்கவேண்டும் என்பது யுனெஸ்கோ நிபந்தனையிலேயே இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் இளநீர்க் கடையில் என் பக்கம் ஒரு பாயிண்ட் கூடியிருக்கும்.

வியாழன், 18 செப்டம்பர்: வீடு

ஒரே மூச்சில் தாப்பா ஓய்வெடுக்கும் இடம். நெரிசல் இல்லை. கொய்யா ஒரு பொட்டலம் 5 வெள்ளி. சில்லறை தேடி என் கைப்பைக்குள் கைவிட்ட குட்டி, சில்லறைக்குப் பதிலாக இரண்டு வெள்ளைக் கல்லை எடுத்தாள்.

நான் கொய்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அத்தை.”

“கால்வாயில கிடந்ததுதானே. மலையிலயா உடைச்சேன்?”

“சரி, அதுக்கு ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணை வெச்சு எப்படிம்மா உரசுறது?”

ஒன்றும் பேசாமல் காரில் ஏறினாள். சிம்பாங் பூலாய் தாண்டும்போது பிளாஸ்டிக் பையில் கற்களைப் போட்டு, சீட்டு எழுதி உள்ளே வைத்தாள். வெங்கச்சங்கல், புக்கிட் தாபோர் அடிவாரம், 15.9.2025. எடுத்தவர்: அத்தை. அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டுமாம்.

இரவு சாப்பாடு முடிந்ததும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டு உட்கார்ந்தோம். அண்ணி, இந்த வயதில் என்ன விளையாட்டு என்று முனகிக்கொண்டே வந்தார். இரண்டு கல்லையும் அழுத்தி ஒரு தேய். கல்லுக்குள்ளேயே ஆரஞ்சு நிறத்தில் ஒளி ஓடியது, தீக்குச்சி அணைந்தது மாதிரி ஒரு வாசனை. அண்ணன், “தண்டவாளத்து வாசனை” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

குட்டிதான் இருட்டில் என் கையைப் பிடித்து, “இன்னொரு தடவை அத்தை” என்றாள்.